பதினோராவது தந்தை

பல் மருத்துவமனையில் கிடக்கும் பத்திரிகைகளை நான் தொடுவதில்லை. பத்துப் பேர் எச்சில் தொட்டுப் புரட்டியவை. அன்றைக்கு என் புதுப் பல்செட்டின் மேல் வரிசையை மருத்துவர் உள்ளே தேய்த்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அரை மணி நேரமாகும் என்று செவிலிப் பெண் சொன்னாள். பல் இல்லாத வாயோடு ஊர்க்காரர்கள் எதிரில் உட்கார்ந்திருக்க எனக்குப் பழக்கமில்லை. முகத்தை மறைக்க ஏதாவது வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த மாத இதழை எடுத்தேன். 'உள்ளமும் இல்லமும்', 1996 அக்டோபர்.

நடுப்பக்கத்தில் ஒரு சோதனை இருந்தது. 'உங்கள் வீட்டில் நீங்கள் எந்த வகைத் தந்தை?' பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். படித்தவர்கள் இதையெல்லாமா உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பன்னிரண்டுக்கும் மனதுக்குள் விடை சொன்னேன். 'கல் தந்தை' என்று வந்தது. கல் தந்தைக்கு அன்பு உண்டு, அதை வெளியே எடுக்கத் தெரியாது. அவர் முதுகு எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். வீட்டார் அவர் முன்னால் குரலைத் தாழ்த்துவார்கள். தனியாக இருக்கும்போது அவர் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். நான் எவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ முன்பின் தெரியாத ஆள் சியோலில் இருந்துகொண்டு என் முதுகைப் பற்றி எழுதியிருந்தான். கோபம் வந்தது. அதோடு, ஒப்புக்கொள்கிறேன், கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலவும் இருந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வாசகர் கடிதம். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'தெற்கே பிறந்த மகள்' என்று மட்டும் இருந்தது.

'எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் தனி மேசை. சிறுவயது முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் நான் பார்த்தது அவர் முதுகைத்தான். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வன்று காலையில், ஒரு வார்த்தை பேசாமல், என் கோட்டுப் பைக்குள், தேர்வில் இடம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று தரும் பிசுக்கு மிட்டாய் ஒன்றைப் போட்டார். பனிக்காலத்தில் நான் எழுந்திருப்பதற்கு முன்பே என் காலணிகளை அடுப்புச் சட்டியின் மூடிமேல் வைத்துச் சூடாக்கியிருப்பார். கேட்டால், அம்மா வைத்திருப்பாள் என்பார். என் கல்யாண விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் ஒரு முறை கூப்பிட்டால் போதும், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன். அவர் கூப்பிட மாட்டார்.'

மருத்துவர் பல்செட்டோடு வந்து இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

யெச்சோன் நகர அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குடும்பப் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவன் நான். ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீகமும் கொண்ட ஆணும் பெண்ணும் திருமணப் படிவத்தோடு வந்து நின்றால் திருப்பி அனுப்ப வேண்டியது என் கடமை. இருபது தலைமுறை விலகியிருந்தாலும் பங்காளி பங்காளிதான். சட்டம் அப்படிச் சொன்னது. சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். என் மேசைக்கு முன்னால் நின்று அழுதவர்கள் உண்டு. நான் கைக்குட்டை கொடுத்திருக்கிறேன், முத்திரை குத்தியதில்லை. அப்படிப்பட்ட என் ஹ்வாங் வீட்டில், என் ஒரே மகள் ஓக்ஜூ, ஹ்வாங் கிதே என்பவனோடு சியோலில் குடித்தனம் தொடங்கினாள். அதே ஹ்வாங். அதே பூர்வீகம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், என் மனைவியின் அறுபதாம் பிறந்தநாள் விருந்துக்கு, அழைக்காமலே இருவரும் வந்து நின்றார்கள். முற்றத்தில் இருநூறு பேர். வம்சத்துப் பெரியவர்கள் எல்லாம் பாய்மேல் அமர்ந்திருந்தார்கள். "யாருப்பா இந்தப் பையன்?" என்று என் சித்தப்பா கேட்டார். நான் தடுமாறவில்லை. "நம்ம வம்சத்துப் பையன்தான், சித்தப்பா. சியோல்ல இருக்கான். ஓக்ஜூவுக்கு அண்ணன் முறை, துணைக்கு வந்திருக்கான்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து வணங்கி, "ஆமாங்க. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் வாழ்த்துச் சொல்ல வந்தேன்" என்றான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நிலைமையை நாகரிகமாகச் சமாளித்துவிட்டதாகவே நினைத்தேன். வாசலில் நிறுத்தி யாரையும் அவமானப்படுத்தவில்லை. உட்கார வைத்துச் சாப்பாடும் போட்டேன். அன்று போன ஓக்ஜூ பிறகு வரவில்லை. கடிதம் இல்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவாள்.

தாயோடு பேசுவாள். அதுவும் எனக்குத் தெரியும். சந்தைத் தெரு அழகு நிலையத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறது. என் மனைவியின் சுருட்டை முடி ஏன் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நேராகிவிடுகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் திரும்பி வரும் நாட்களில் முகத்தைப் பார்த்து, அங்கே எல்லாம் நலம் என்று தெரிந்துகொள்வேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

இதழை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஓக்ஜூ அம்மா, இதைப் படி."

கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய அசைய மெதுவாகப் படித்தாள். "யாரு பெத்த பொண்ணோ, பாவம்" என்றாள்.

"யாரு பெத்த பொண்ணா? நல்லாப் பாரு. தனி மேசை. மிட்டாய். காலணி."

"பார்த்தேங்க. நம்ம பொண்ணு எழுதியிருந்தா இவ்வளவு மரியாதையா எழுதியிருக்க மாட்டா."

"கல்யாண விஷயத்துல பேச்சு நின்னு போச்சுன்னு போட்டிருக்கே!"

"எந்த வீட்டுலதான் நிக்கல?"

"காலணியைச் சூடு பண்ணி வச்சது உன்னையும் என்னையும் அவளையும் தவிர யாருக்குத் தெரியும்?"

"எனக்கே தெரியாதே." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அது நீங்களா? அவ காலேஜ் போற வரைக்கும் எனக்குத்தான் நன்றி சொல்லிட்டு இருந்தா. நானும் வாங்கி வச்சுக்கிட்டேன்."

இதழை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"சரி, அவதான் எழுதினான்னு தோணினா கூப்பிட்டுடுங்களேன். ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்னுதானே எழுதியிருக்கு? அழகு நிலையத்துல போன் சும்மாதான் கிடக்கு. வேணும்னா உங்களுக்கும் ரெண்டு சுருட்டை வச்சு விடச் சொல்றேன்."

அவளால் சிரிக்க முடிந்தது. எனக்கு அது சிரிக்கும் விஷயமில்லை. கடிதம் ஓக்ஜூ எழுதியதென்றால் நான் கூப்பிடுவது அதற்குப் பதில். அவள் எழுதியிருக்காவிட்டால் நான் கூப்பிடுவது கெஞ்சல். ஹ்வாங் வீட்டுத் தலைவன், வம்சச் சங்கத்தின் செயலாளர், மகளிடம் கெஞ்சினான் என்று ஆகும். அதுவும் இந்த வருஷத்தில். ஒரே வம்சத்தவர் செய்துகொண்ட கல்யாணங்களை இந்த ஓராண்டுக்கு மட்டும் பதிவு செய்யலாம் என்று அரசாங்கம் இறங்கிவந்திருந்தது. அதை எதிர்த்து எங்கள் சங்கம் அனுப்பிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

இருந்தாலும் அந்த இதழை விட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கடிதத்துக்குக் கீழே மனநல ஆலோசகர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். அதற்கும் கீழே ஒரு கட்டத்துக்குள், கல் தந்தைகள் செய்யவேண்டிய ஐந்து காரியங்கள். மகளைப் பெயர் சொல்லி அழையுங்கள். பத்து விநாடி அவள் கண்ணைப் பாருங்கள். வாக்கியத்தை 'நான்' என்று தொடங்கி உங்கள் மனதைச் சொல்லுங்கள். அவளிடம் உள்ள ஒரு நல்லதைப் பாராட்டுங்கள். கையைப் பற்றிக்கொள்ளுங்கள். பதிவேட்டு விதிகளை மனப்பாடம் செய்தவனுக்கு ஐந்து வரி பெரிதில்லை. நான்கு நாள் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன். பத்து விநாடி என்பது நினைத்ததைவிட நீளம். என்னாலேயே என்னை ஆறு விநாடிக்குமேல் பார்க்க முடியவில்லை.

ஐந்தாம் நாள், குடும்ப விஷயத்தை அச்சில் ஏற்றியவர்களை நேரில் கேட்கப்போகிறேன் என்று சொல்லிச் சாம்பல் நிறக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கடிதத்தின் மூலத்தை, அவள் கையெழுத்தை, கண்ணால் பார்க்க வேண்டும். அவளாக இருந்தால் அங்கிருந்தே நேராக அவள் வீட்டுக்குப் போவேன்.

மனைவி வாசல்வரை வந்தாள். "சியோல்ல வழி தவறிட்டா, மங்வோன் சந்தைக்குப் பின்னால ரெண்டாவது சந்து" என்று முற்றத்துப் பூசணிக்காயைப் பற்றிப் பேசுவது போன்ற குரலில் காற்றைப் பார்த்துச் சொன்னாள். எனக்குக் காதில் விழாததுபோல நடந்தேன்.

பத்திரிகை அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. பெரிய கட்டடத்தையும் வெள்ளைக் கோட்டு மருத்துவர்களையும் எதிர்பார்த்துப் போனேன். நான்கு மேசைகள், காகிதக் குவியல், காய்ந்துபோன ஒரு பூத்தொட்டி. வாசகர் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் பாங் என்ற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். காகிதக் கோப்பையில் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

நான் பஸ்ஸில் தயாரித்த பேச்சைத் தொடங்கினேன். ஒரு கண்ணியமான குடும்பத்தின் உள்விஷயத்தை, அந்தக் குடும்பத்தின் தலைவரைக் கேட்காமல், நாடு முழுக்கப் படிக்கும்படி...

"தெற்கே பிறந்த மகள் கடிதமா, ஐயா?"

"ஆமாம்."

"உங்களுக்கு எந்த ஊர்?"

"யெச்சோன்."

"யெச்சோனா? போன வாரம் அங்கேருந்து இன்னொருத்தர் போன் பண்ணினாரே. அரிசி ஆலைக்காரர். அவர் பொண்ணு பூசான்ல இருக்காம்." ஒரு குறிப்பேட்டைப் புரட்டினார். "நேர்ல வந்தவங்க நாலு பேர், போன்ல ஆறு. உங்களோட பதினொண்ணு, ஐயா."

"என்ன பதினொன்று?"

"'அது என் மகள்'னு சொல்ற அப்பாக்கள்."

அந்த அரிசி ஆலைக்காரனை எனக்குத் தெரியும். வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவனை இடித்துக்கொண்டு நிற்கிறவன். அவனும் நானும் ஒரே குறிப்பேட்டில்.

"அம்மா, அவர்களை விடுங்கள். தேர்வன்று மிட்டாய் கொடுத்தது, காலணியைச் சூடாக்கியது, இதெல்லாம் என் வீட்டில் நடந்தவை. வெளியாருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை."

அவர் தன் காப்பிக் கோப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஐயா, எங்கப்பா ரயில்வேல கூலி. அவரும் சட்டி மூடிமேல தான் வச்சார். ஒரு தடவை என் ரப்பர் ஷூ உருகியே போச்சு. தேர்வு அன்னிக்கு மிட்டாயும் போட்டார். ஒரு வார்த்தை பேசல. இந்தக் கடிதம் வந்த அன்னிக்கு இந்த அறையில நாலு பேரும் அழுதோம். அழுதுட்டு, இதை முதல்ல போட்டுடணும்னு சொன்னோம்."

என் கைகள் முழங்காலின்மேல் இருந்தன. எல்லா வீட்டிலும் செய்திருக்கிறார்கள். பேசாமல், யாரும் பார்க்காமல், அம்மா வைத்தாள் என்று சொல்லிக்கொண்டு. நான் மட்டுமே செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரனும் அதே விடியலில், அதே போல் மெதுவாக, மூடியைத் தூக்கியிருப்பான்.

"கையெழுத்தைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"காட்டக்கூடாது, ஐயா. வாக்குக் கொடுத்திருக்கோம்."

"ஒரு வரி போதும். என் மகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது நான்."

வெகுநேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஓர் உறையோடு வந்து, இரண்டு அளவுகோல்களை மேலும் கீழும் வைத்து, நடுவில் ஒரே ஒரு வரி தெரியும்படி பிடித்தார். 'அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்' என்ற வரி.

எழுத்துகள் இடதுபக்கம் சாய்ந்திருந்தன. குண்டுகுண்டாக, வளைவுகளைப் பாதியில் விட்டு. ஓக்ஜூவின் எழுத்து ஒருபோதும் சாயாது.

"இல்லை" என்றேன்.

"நிம்மதியாப் போச்சா, ஐயா?"

"ஆமாம்."

அவர் அளவுகோல்களை எடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவள் என்னை அச்சில் ஏற்றி அவமானப்படுத்திவிட்டாள் என்ற கோபத்தோடு வந்தவன். இப்போது அந்த அவமானத்தைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. பஸ் ஏறிவிடுவேன் என்று சொன்னவள் வேறு யாரோ. அந்த அதிர்ஷ்டசாலி தகப்பன் இதைப் படித்தானோ இல்லையோ.

"அந்த ஐந்து காரியங்கள்... பலன் தருமா?"

"சில வீட்டுல தந்திருக்கு. வாசகர்கள் எழுதுறாங்க." பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தச்ச சட்டை மாதிரி நினைச்சுக்காதீங்க, ஐயா. கடையில தொங்குற சட்டை. தோள் பொருந்தும், கை நீளமா இருக்கும். மாசம் நாப்பதாயிரம் பேருக்கு ஒரே அளவுல வெட்டுறோம். உங்க பொண்ணு எங்க இருக்காங்க?"

"இதே ஊரில்தான். மங்வோன்."

"இங்கேருந்து பஸ்ல இருபது நிமிஷம், ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சந்தைக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், டோஃபு கடைக்கு அடுத்தாற்போல ஒரு பெயர்ப்பலகை. 'ஹ்வாங் சுவர்க் காகிதம்.' என் பெயரை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அது எந்த ஹ்வாங், அவனா அவளா என்று ஒரு கணம் யோசித்தேன். பலகைக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

உள்ளே ஓக்ஜூ தரையில் மண்டியிட்டு ஒரு நீளச் சுருளை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. முப்பத்தாறு வயதுதான். நிமிர்ந்து பார்த்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லை. நன்றாக இருக்கிறாள்."

எழுந்து தலைகுனிந்து வணங்கினாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். பார்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எந்தக் குறையும் சொல்ல முடியாத மரியாதை. ஊர் அலுவலகத்துக்கு வரும் அதிகாரிக்குச் செய்வது.

நான் முதல் காரியத்தைச் செய்தேன். "ஓக்ஜூ" என்றேன். பிறகு கண்ணைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று...

"என்னப்பா? முகத்துல பசை ஒட்டியிருக்கா?"

எட்டு வரை எண்ணியது கலைந்துபோனது. "நான்..." என்று தொடங்கினேன். "நான் வருந்துகிறேன்."

"எதுக்கு?"

அந்தக் கேள்வி கட்டத்துக்குள் இல்லை. எனக்குக் கைவசம் இருந்தது கடிதம் ஒன்றுதான். "நான் தனி மேசையில் சாப்பிட்டதற்கு. உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுருள்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, நீங்க தனியா சாப்பிட்டது எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும்தான் அம்மாவும் நானும் சட்டியிலேயே சோத்தைப் போட்டு, மிளகாய் விழுதை அள்ளி விட்டுக் கலந்து, ரெண்டு கரண்டியால சண்டை போட்டுச் சாப்பிடுவோம். உலகத்துலேயே அதுதான் ருசி. நீங்க எங்க பக்கம் திரும்பிடக் கூடாதேன்னு வேண்டிக்குவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாருப்பா உங்களுக்கு இதைச் சொன்னது? எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

நான் கோட்டுப் பையிலிருந்த இதழைத் தொட்டேன். எடுக்கவில்லை.

சிரிப்பு அவள் முகத்தைவிட்டு மெல்லப் போனது. "நீங்க வருத்தப்படணும்னா வேற ஒண்ணு இருக்கு" என்றாள்.

"சொல்."

"அம்மாவோட அறுபதுக்கு வந்தோமே. இவர் அதுக்காக முதல் தடவையா ஒரு கோட்டு தச்சுக்கிட்டார். நீங்க வாசல்ல துரத்துவீங்க, அடிப்பீங்கன்னு எல்லாத்துக்கும் தயாராத்தான் வந்தோம். எனக்கு அண்ணன்னு சொன்னீங்க. அத்தனை பேர் முன்னாடி. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல சாப்பாடு போட்டாங்க. 'தங்கச்சிக்கு நல்ல இடமாப் பாருப்பா'ன்னு சித்தப்பா தாத்தா இவர்கிட்டச் சொன்னார். இவர் 'சரிங்க'ன்னார்."

எனக்கு அது தெரியாது. நான் வேறு பந்தியில் இருந்தேன்.

"பஸ்ல ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழட்டும்போது கேட்டார். 'நான் பெரியப்பான்னு கூப்பிட்டது இயல்பா இருந்துச்சா? அவருக்குச் சங்கடம் ஆகலையே?'"

சந்தையில் யாரோ மீன் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். நான் பார்லித் தண்ணீரைக் குடித்தேன்.

"துரத்தியிருந்தா வந்திருப்பேன், அப்பா. மறு வருஷமே வந்து வாசல்ல நின்னிருப்பேன். ஆனா ஊர்ல இன்னிக்கும் நான் அவர் தங்கச்சி. அங்கே எப்படி வருவேன்?"

"பதிவு..." என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. "இந்த வருஷம் பதிவு செய்யலாம்."

"மார்ச்சுலயே பண்ணியாச்சு."

"சாட்சி யார்?"

"டோஃபு கடை அம்மாவும் அவங்க தம்பியும்."

"படிவத்தில் பிழை இல்லையே? பூர்வீகக் கட்டத்தை நிறையப் பேர் தவறாக நிரப்புவார்கள்."

அவள் என்னை வேறு மாதிரிப் பார்த்தாள். ஒரு கணம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நோட்டை நீட்டும் பழைய முகம் வந்துபோனது. "பிழை இல்லைப்பா. ஒரே தடவையில ஏத்துக்கிட்டாங்க. எழுத்து நல்லா இருக்குன்னு அந்த ஆபீசர் சொன்னார்."

மிச்சமிருந்த இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்திருக்கலாம். அவள் கை சுருள்மேல் பக்கத்திலேயே இருந்தது. என் கை எழவில்லை.

"இன்னும் பத்தொன்பது நாள்ல முன்னோர் கல்லறை வழிபாடு வருதில்ல?" என்றாள். "வம்சம் முழுக்க வரும். எந்த ஆளுங்ககிட்ட அண்ணன்னு சொன்னீங்களோ, அவங்ககிட்டயே இவர் யாருன்னு சொல்லுங்க. அன்னிக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி வரச் சொல்லாதீங்க. வந்தா அம்மா அழுவா, நானும் அழுவேன், நீங்க முற்றத்துல நிப்பீங்க. மறுபடி எல்லாம் அப்படியே இருக்கும்."

 சொல்ல முடியாததைச் சொல்வதாக வாக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

கிதே அப்போது வந்தான். தோளில் வாளி, கைகளில் காய்ந்த பசை. என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு அந்த அழுக்குத் தரையிலேயே நெற்றி படக் குனிந்தான். எழுந்தபின் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தேடுகிறான் என்று தெரிந்தது. கடைசியில் எந்த முறையும் சொல்லாமல், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மொச்சைக் குழம்பு, முள்ளங்கி, வறுத்த சின்ன மீன். அவள் சட்டியில் எதையும் கலக்கவில்லை. மிக ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அவன் தன் சிறிய வண்டியில் என்னைக் கிழக்கு பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தான். ஓக்ஜூ கடை வாசலோடு நின்றுவிட்டாள். வழியில் நாங்கள் எந்த மாதத்தில் காகிதம் ஒட்டினால் சுவரில் நிற்கும் என்பதைப் பற்றிப் பேசினோம். இலையுதிர் காலம்தான் சரி என்றான். அவனே சீட்டு வாங்கினான். ஒரு பொட்டலம் அக்ரூட் பலகாரத்தை என் கையில் வைத்தான். நான் படியேறியதும் மறுபடி இடுப்பு வளையக் குனிந்தான்.

என் பக்கத்து இருக்கையில் என் வயதுக்காரர் ஒருவர். தொப்பியை மடிமேல் வைத்திருந்தார். பேச்சிலேயே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. ஊர் யோங்மூன் என்றார். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். அங்கே என் சித்தப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது.

"உங்களை ஏத்திவிட்டது யாரு, மகனா? எப்படிக் குனிஞ்சு கும்பிட்டாரு!"

"இல்லை" என்றேன்.  செருமிக்கொண்டேன். "மாப்பிள்ளை."

"அடடே. பெத்த மகனே இந்தக் காலத்துல இப்படி வந்து நிக்கிறதில்லை. குடுத்துவச்ச ஆளு நீங்க. மாப்பிள்ளை எந்த வம்சம்?"

நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட குலப்பெயர்கள். எதைச் சொன்னாலும் அவர் தலையாட்டியிருப்பார்.

"ஹ்வாங்."

"நல்ல வம்சம். நம்ம பக்கத்துலயும் நிறைய இருக்காங்க. ஐயா நீங்க?"

"ஹ்வாங்."

அவர் சிரித்த முகம் அப்படியே நின்றது. பிறகு, பெரிய மனிதர், எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். "பூர்வீகம் வேற வேறயா இருக்கும். இல்லீங்களா?"

"இல்லை. ஒன்றுதான்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். மறுபடி எடுத்தார். முன் இருக்கையின் துணியைப் பார்க்கத் தொடங்கினார். பஸ் பின்வாங்கியது. வெளியே கிதே இன்னும் நின்றுகொண்டிருந்தான். நான் எந்த ஜன்னலில் இருக்கிறேன் என்று தெரியாமல், மூன்று ஜன்னல் தள்ளி யாரையோ பார்த்துத் தலைகுனிந்துகொண்டிருந்தான். நான் கண்ணாடியைத் தட்டினேன். இயந்திரச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து நின்று, பக்கத்துக்காரர் முழங்காலை இடித்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால், சீட்டு வரிசைக்கும் அப்பால், வாசல்வரை பார்த்தேன். ஓக்ஜூ வரவில்லை.